பூ முறித்த இலைக்குப் பூமணம்

இணுவிலில் காங்கேசன்துறை வீதியை விட்டு இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பியதும், கண்ணுக்கு முன்னதாக மூக்குக்குத்தான் இடம் தெரிந்தது. பங்குனி வெயில். செம்பாட்டு மண் சைக்கிள் சில்லில் ஒட்டாமல் தூளாகப் பறந்தது. வேலிக்கு அப்பால் எங்கோ வெட்டிய புகையிலையை வாடவிட்டிருந்தார்கள். பச்சை போய், காய்ச்சல் இன்னும் முற்றாத பதத்தில் இலை விடுகிற கனத்த மணம் ஒழுங்கை முழுக்க நின்றது.

என் தோள்பைக்குள் இருந்ததும் புகையிலைதான். ஆனால் இந்த மண்ணை அது கண்டதில்லை. இங்கிலாந்தின் வடமேற்கே, ஏரிகள் சூழ்ந்த கம்பிரியாப் பகுதியில் கெண்டல் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அங்கே அழுத்தி, ஏடு ஏடாக நறுக்கி, பூமணம் ஏற்றி, 50 கிராம் தகரப் பேணியில் அடைத்த 'எனர்டேல் ஃபிளேக்' அது. கூடவே அதே கொவித் ஹொகார்த் நிறுவனத்தின் 'டார்க் ஃபிளேக் சென்டட்' கொஞ்சம் சிறு பையில். லண்டனில் இருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் கொண்டுவந்தவை. பைப் பிடிப்பவர்கள் உலகில் இந்தக் கெண்டல் மணத்துக்குத் தனிப் பெயர் உண்டு. பிடித்தவர் வேறெதையும் தொடமாட்டார். பிடிக்காதவர் சவர்க்காரம் என்று பேணியை மூடிவிடுவார்.

கொழும்பில் யாருடைய குளிரூட்டிய அறையிலாவது இதைத் திறந்து பார்த்திருக்கலாம். ஆனால் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் புகையிலையைச் செய்து, பதமாக்கி, விற்றுப் பிழைத்த ஊர்கள் இருக்கும்போது, இலையைத் தொட்டே பேசத் தெரிந்தவர்கள் முன் திறப்பதுதான் முறை என்று பட்டது.

தோட்டத்தில்

முதலில் தோட்டம். தெரிந்தவர் மூலம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தபடியால் தோட்டக்காரர் கிணற்றடியில் நின்றார். கிணற்றில் மின்மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. துலா மிதித்த காலத்தை அவர் சின்ன வயதில் கண்டிருக்கிறார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. மாரியில் பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. அதைக் கிணற்றால் எடுத்துத்தான் இந்தப் பயிர் எல்லாம். ஐப்பசி, கார்த்திகையில் நாற்று மேடை போட்டு, மார்கழி, தையில் கன்று நட்டு, இப்போது வெட்டு நடக்கிறது.

"காலமை வெள்ளென வந்திருந்தால் உள்ளுக்கு இறங்க விட்டிருக்க மாட்டன், தம்பி" என்றார். "பனி ஈரத்தோட இலையில பிரண்டால் தலை சுத்தும், சத்தி வரும்."

அது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஈர இலையிலிருந்து நிக்கொட்டின் தோல் வழியே உடம்புக்குள் இறங்குகிறது. புகையிலை வெட்டும் தொழிலாளருக்கு வரும் இந்த மயக்கத்தை மருத்துவம் ஒரு தொழில்நோயாகவே பதிந்திருக்கிறது. புகைக்காதவருக்கும் அது வரும்.

வரிசையாக நின்ற செடிகளில் ஒன்றிலும் பூ இல்லை. உச்சி எல்லாம் கிள்ளி முறித்திருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"பூ விட்டால் இலை சோடை போயிடும். சத்தெல்லாம் விதைக்குப் போகும். காரமும் இராது. மொட்டைக் காணுற அண்டைக்கே முறிச்சுப் போடோணும். பிறகு பக்கத்தால வெடிக்கிற குருத்தையும் விடாமல் கிள்ளோணும்."

தாவரவியலும் இதையே சொல்கிறது. செடி நிக்கொட்டினை வேரில் செய்து இலைக்கு ஏற்றுகிறது. தன்னைத் தின்ன வருகிற பூச்சிக்கு அது வைத்திருக்கும் நஞ்சு. உச்சி முறிந்ததும் வேர் இன்னும் கூடுதலாகச் சுரக்கிறது. பூவாகவும் விதையாகவும் போக இருந்தது இலையில் தடிப்பாகவும் காரமாகவும் சேர்கிறது.

தறையின் மூலையில் மட்டும் விதைக்கென்று விட்ட சில கன்றுகள் ஆளுயரம் தாண்டி நின்றன. நுனியில் இளஞ்சிவப்புக் குழல் பூக்கள். முகர்ந்து பார்த்தேன். இருக்கிறதா இல்லையா என்று யோசிக்க வைக்கிற மெல்லிய வாசம். அந்தப் பூ காயானால் கிடைக்கிற விதை மணலைவிட நுண்மையானது; ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கும். அடுத்த ஆண்டுத் தோட்டத்துக்கு இந்த மூலை போதும்.

பேணியைப் பைக்குள் இருந்து எடுக்காமலே, இங்கிலாந்தில் பூமணம் போட்ட புகையிலை விற்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். சிரித்தார். "நாங்கள் பூவை முறிச்சு எறியிறம். அவை திரும்பப் போடுகினமோ?"

இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் அடுத்த இடத்துக்குப் போனேன்.

போகுமுன் இன்னொன்றும் சொன்னார். உவர் கிணற்று நீரில் வளர்ந்த இலை சரியாகப் பற்றாதாம். அது வாய்க்குத்தான் போகும். நல்ல தண்ணீர் இலைதான் சுருட்டுக்கு. உப்பில் இருக்கிற குளோரைட்டு இலைக்குள் ஏறினால் அது கனன்று எரியாமல் அணைந்து அணைந்து போகும் என்பது ஆய்வுகூடங்களும் அறிந்த உண்மை. கிணற்று நீரின் சுவையே இலையின் விதியைத் தீர்த்துவிடுகிறது.

வாய்க்குப் போனதும் நெருப்புக்குப் போனதும்

யாழ்ப்பாணப் புகையிலைக்கு இரண்டு சந்தைகள் இருந்தன. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். ஒல்லாந்தர் காலத்திலேயே புகையிலை குடாநாட்டின் பெரிய காசுப் பயிர். மெல்லுகிற இலை கடல் தாண்டி மலையாள நாட்டுத் திருவிதாங்கூருக்குப் போனது. அங்கே புகையிலை வணிகம் அரசின் தனியுரிமையாக இருந்து, திவான் மாதவராவ் காலத்தில் 1863இல்தான் நீங்கியது. 1930களில் இந்த வணிகத்துக்கென்றே விவசாயிகள் கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்தார்கள்; அதன் பெயரிலேயே மலையாளம் இருந்தது. இந்தியா விடுதலை பெற்ற பின் அந்த வழி ஒடுங்கியது.

வாய்க்குப் போகிற இலையைக் குடிலில் அடுக்கி, தேங்காய் மட்டையும் ஊமலும் போட்டுப் புகை பிடிப்பார்கள். பனங்கிழங்குப் பாத்தியில் மிஞ்சுகிற கொட்டை ஓடுதான் ஊமல். அந்தப் புகைதான் இலைக்குக் கறுப்பையும் மணத்தையும் கொடுக்கும்.

மற்றது சுருட்டு. அது தெற்கே போனது. காலி, மாத்தறை, கண்டி, குருநாகல் என்று சிங்கள ஊர்களின் சந்திகளில் யாழ்ப்பாணத்தவரும் தீவுப் பகுதியினரும் சுருட்டுக்கடை வைத்திருந்தார்கள். கொக்குவில், இணுவில் பக்கத்துக் கொட்டில்கள் அந்தக் கடைகளுக்காகச் சுற்றின. 1958, 1977, 1983 என்று தமிழருக்கு எதிரான ஒவ்வொரு கலவரமும் அந்தக் கடைகளில் பலவற்றை எரித்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் இந்த ஊர்கள் அடங்கிய வலிகாமமே போரால் இடம்பெயர்ந்தபோது இலையும் பலகையும் கொட்டிலும் அப்படியே கிடந்தன. திரும்பி வந்தவர்களில் சிலர் மறுபடி சுற்றத் தொடங்கினார்கள்.

கொட்டிலில்

நான் போனது அப்படித் தொடர்கிற ஒரு கொட்டில். பதிந்த கூரை, சாணம் மெழுகிய தரைக்குப் பதிலாக இப்போது சீமெந்து. சுவரோரம் சாக்குப் போட்டு மூடிப் புழுங்கவிட்ட இலை அடுக்கு; அதைத்தான் பாடம் என்பார்கள். நடுவில் பலகையை மடியோடு அணைத்து ஐயா ஒருவர் இருந்தார். எழுபதைத் தாண்டிய வயது. பக்கத்தில் இரண்டு பேர் சுற்றிக்கொண்டிருக்க, வாசலோரம் ஓர் அக்கா காம்பு வார்ந்துகொண்டிருந்தார். இலையை இரண்டாகக் கிழிக்காமல் நடு நரம்பை மட்டும் உருவி எடுக்கிற அந்த வேலையை அவர் வெளியே பார்த்தபடியே செய்தார்.

ஐயாவின் கை வேலையை எழுத்தில் பிடிக்க முடியாது. உள் இலையை எடுத்து நீட்டி ஒழுங்காக்கி, மேலிலையைச் சரிவாகப் போட்டு, உள்ளங்கையால் ஒரு உருட்டு. நுனியில் ஒரு தொடு பசை. கத்தரிக்கோலால் ஒரு வெட்டு. அடுத்தது. ஆயிரம் சுருட்டுக்கு இவ்வளவு என்று கூலி. கை நின்றால் கூலியும் நின்றுவிடும்.

கை ஓயாத வேலையில் வாயும் காதும் சும்மா இருக்கும். அதனால்தான் இந்தக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் கேட்டபடி சுற்றுகிற வழக்கம் வந்தது. 1930இல் நா. பொன்னையா சுன்னாகத்தில் தொடங்கிய 'ஈழகேசரி', 1959இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'ஈழநாடு' எல்லாம் அச்செழுத்துத் தெரியாத காதுகளையும் இப்படித்தான் எட்டின. பள்ளிக்கூடம் கண்டிராத சுருட்டுத் தொழிலாளி உலக அரசியல் பேசுவார் என்று யாழ்ப்பாணத்தில் சொல்வது இதனால்தான். கியூபாவின் ஹவானாவில் 1865 முதல் சுருட்டுத் தொழிற்சாலைகளில் வாசிப்பாளர் இருந்தார்கள். ஒன்றையொன்று அறியாமல் இரண்டு தீவுகள் ஒரே வழக்கத்துக்கு வந்திருக்கின்றன. இப்போது இந்தக் கொட்டிலில் கைப்பேசி ஒன்று பழைய பாட்டுப் பாடுகிறது.

மூலையில் மூடிய பானை. "அது கோடா" என்றார் ஐயா, நான் கேட்குமுன்னே. இலையை மிருதுவாக்கி, காரத்தை அடக்கி, மணமும் இனிப்பும் ஏற்றத் தெளிக்கிற சாறு. என்னென்ன போடுவீர்கள் என்று கேட்டால் சொல்வார்களா?

"காம்பு அவிச்ச தண்ணி. பனங்கட்டி. மிச்சம் கேக்காதேங்கோ" என்று கையை விரித்தார். ஒவ்வொரு கொட்டிலுக்கும் ஒரு கோடா. எந்த ஊர்க் கடைக்குப் போகிற சுருட்டு என்பதைப் பொறுத்து அதிலும் மாற்றம் உண்டாம். ஒரு ஊர் இனிப்புக் கேட்கும், ஒரு ஊர் உறைப்புக் கேட்கும்.

பேணி திறந்தது

தகர மூடியை நெம்பியதும் காகிதத்துக்குள் இருந்து மணம் எழும்பியது. கொட்டிலின் கனத்த வாசத்துக்கு நடுவிலும் அது தனியாக நின்றது. ஐயா பேணியை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் உடனே தலையைப் பின்னால் எடுத்தார்.

"இது ராணிச் சவர்க்காரம் எல்லே!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா எழும்பி வந்து முகர்ந்தார். "சவர்க்காரம் இல்லை. கலியாண வீட்டில தெளிக்கிற பன்னீர். அதுக்குள்ள வேற ஏதோ இனிப்பும் கிடக்கு."

இருவர் சொன்னதும் சரி. கெண்டல் மணத்தில் ரோஜாவும் ரோஜா வாசமுள்ள ஜெரேனியமும் முன்னால் நிற்கும். ஜெரேனியம் தென்னாபிரிக்கச் செடி. அதன் இலையில் இருந்து வடிக்கிற எண்ணெயிலும் ரோஜா எண்ணெயிலும் ஜெரனியோல், சிட்ரோனெலோல் என்ற அதே பொருள்கள் இருக்கின்றன. வாசனைச் சவர்க்காரத் தொழில் விலைகூடிய ரோஜாவுக்குப் பதிலாக ஜெரேனியத்தைத்தான் நெடுங்காலம் நம்பியிருக்கிறது. ஆகவே பன்னீர் என்றாலும் சவர்க்காரம் என்றாலும் மூக்கு ஒரே கதவைத்தான் தட்டுகிறது. அக்கா பிடித்த அந்த இனிப்பு, வாதுமையும் வனிலாவும் கலந்தது. கெண்டலின் வேறு சில புகையிலைகளில் டொங்கா விதையின் மணமும் உண்டு. 

பூவைப் புகையிலைக்குள் கொண்டுவந்தது முதலில் மூக்குப்பொடி. தோமஸ் ஹாரிசன் என்பவர் 1792இல் கிளாஸ்கோவில் இருந்து பொடி அரைக்கிற கலையையும் கருவியையும் கெண்டலுக்குக் கொண்டுவந்தார். பொடிக்கு அத்தர் போடுவது அக்கால வழக்கம். பொடி இடித்த அதே ஊரில் பைப் புகையிலையும் செய்தார்கள். மணம் ஒன்றில் இருந்து மற்றதுக்குத் தாவியது. பொடி போடுகிறவர் அருகிப்போனார். மணம் பைப்பில் தங்கிவிட்டது.

இன்னொரு காரணம் சட்டம். புகையிலைக்கு எடை போட்டு வரி வாங்கிய இங்கிலாந்து அரசு, சீனியும் பாகும் கலந்து எடை கூட்டுவதை நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. மணத்துக்கு மட்டும் வழி விட்டது. எனவே அமெரிக்கர்கள் பாகில் ஊறவைத்தபோது, இங்கிலாந்துக்காரர் வாசனை எண்ணெய் தெளித்தார்கள்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க ஐயா ஓர் ஏட்டை எடுத்து வேலையைத் தொடங்கிவிட்டார். விரலால் பிரித்தார். உள்ளங்கையில் தேய்த்து வாய்ச்சூட்டை ஊதினார். மேலே பூசின மணம் போகட்டும் என்று கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மறுபடி முகர்ந்தார். ஒரு நரம்பைப் பல்லால் கடித்துத் துப்பினார். பிறகு நுனியைக் கொளுத்திச் சாம்பலைப் பார்த்தார்.

"இது மஞ்சள் இலை. சிகரெட் இலை. சூட்டில காய வைச்சது. எங்கட பாடம் காணாதது."

பேணியில் உள்ளது பெரும்பாலும் வெர்ஜினியா. கொட்டகைக்குள் குழாய் வழியே சூடு கொடுத்துச் சில நாட்களில் உலர்த்துகிற இலை. அவ்வளவு விரைவாக உலர்வதால் மாப்பொருள் சீனியாக மாறி அப்படியே தங்கிவிடுகிறது. நம்முடைய சுருட்டு இலையோ மெல்ல மெல்ல உலர்ந்து, பாடத்தில் புழுங்கி, தன் சீனியைத் தானே தின்று தீர்த்துவிடும். அதனால்தான் கோடாவில் பனங்கட்டி. இங்கிலாந்துக்காரருக்குச் சட்டம் சீனியை மறுத்தது. அவர்கள் வாங்கிய இலைக்கு அது தேவைப்படவும் இல்லை.

பற்றவைத்தபோது

கொட்டிலுக்குள் பற்றவைக்க முடியாது. சுற்றிலும் காய்ந்த இலை. வேலை செய்கிற மூடிய இடம் வேறு. வளவில் வேம்புக்குக் கீழே வாங்கு போட்டார்கள். நான் பழக்கமாகப் புகைப்பவன் அல்ல. எழுத்துக்காகக் கடன் வாங்கிய பைப்புடன் போயிருந்தேன். மத்தியதரைக் கடற்கரைப் புதர் ஒன்றின் வேர்க்கட்டியில் குடைந்தது. கடன் கொடுத்தவர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: கெண்டல் புகையிலை போட்டால் அந்தப் பைப் இனி அதற்கு மட்டுந்தான். மரம் அந்த மணத்தை எளிதில் விடாது.

ஏட்டைத் தேய்த்து உதிர்த்தேன். ஈரம் கூடுதலாக இருந்ததால் பங்குனி வெயிலில் காகிதத்தின் மேல் சற்றுப் பரப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதம் வந்துவிட்டது. அடியில் தளர்வாகவும் மேலே சற்று இறுக்கமாகவும் போட்டு, முதல் தீக்குச்சியில் மேற்பரப்பு கருகி எழும்ப, அதை மெல்ல அமுக்கி, இரண்டாவது குச்சியில் பற்றவைத்தேன். சிகரெட்டைப் போல நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. வாய்க்குள் எடுத்து, சுவைத்து, விட வேண்டும். அவசரப்பட்டால் நாக்குச் சுடும்.

முதல் சில நிமிடங்கள் பூ மட்டுமே. புகையிலை பிடிக்கிறேன் என்று நாக்கு நம்பவில்லை. ரோஜா, அதற்குப் பின்னால் வாதுமை, உதட்டில் ஒட்டுகிற சவர்க்காரப் பூச்சு. பாதிக்கு வந்ததும் பூ பின்வாங்கி, வெயிலில் காய்ந்த வைக்கோலின் இனிப்பு வெளியே வந்தது. அதுதான் இலையின் சொந்தக் குரல். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே. அடிப்பகுதியில் மறுபடி பூ திரும்பியது, ஆனால் கசப்போடு.

எனக்குப் புகைத்தது பிடித்ததைவிட, அக்காவுக்குப் பக்கத்தில் நின்று முகர்ந்தது கூடுதலாகப் பிடித்துவிட்டது. "சுருட்டுக்காரர் வீட்டுக்கு வந்தால் சால்வையெல்லாம் மணக்கும். இதெண்டால் பரவாயில்லை" என்றார். பக்கத்தில் இருப்பவரைச் சமாதானப்படுத்துவது இந்த மணத்தின் பழைய வேலைகளில் ஒன்று.

ஐயாவுக்கு பைப் சரிவரவில்லை. "குழாயில என்ன சுவை தெரியப்போகுது?" என்றவர், உதிர்த்த இங்கிலாந்து இலையை ஒரு பிடி எடுத்து யாழ்ப்பாண மேலிலையில் போட்டு ஒரு சுருட்டாகவே சுற்றிவிட்டார். கொளுத்தினார். மூன்று இழுவைக்குள் தீர்ப்பு வந்தது.

"பூவைக் காணேல்லை."

நானும் வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். ஒரு மேலிலையின் கனமே பூவை விழுங்கிவிட்டது. மிஞ்சியது மெல்லிய இனிப்பு. பூமணம் சாதுவான இலையோடு மட்டும்தான் பேசும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த பையைப் பிரித்தேன்.

கரிய ஏடு

டார்க் ஃபிளேக் பார்க்கவே வேறு. எண்ணெய் படிந்த கறுப்பு. மேலே அதே பன்னீர்க் குடும்பத்து மணம். ஐயா இந்த முறை சவர்க்காரம் என்று சொல்லவில்லை. முகர்ந்தவர் கண்ணைச் சுருக்கினார். மறுபடி முகர்ந்தார்.

"குடில் இலை. புகை போட்டிருக்கு. ஆனால் ஊமல் இல்லை, மட்டையும் இல்லை. விறகு."

தீப்புகையில் பதப்படுத்துகிற கரிய இலைக்கு மற்ற நாடுகளில் விறகைத்தான் எரிக்கிறார்கள். பூச்சாடிக்குள் ஒளித்து வைத்த குடிலை இந்தக் கிழவர் ஒரே மூச்சில் கண்டுபிடித்துவிட்டார்.

அதைப் பைப்பில் போட்டேன். பூ முன்னால் வந்து நின்றது. இந்த மணத்துக்கு வாய் இப்போது பழகிப் போயிருந்தது, தயக்கமில்லாமல் இழுத்தேன். சற்று நேரத்தில் விக்கல். பிறகு நெற்றியில் வேர்வை. வேம்பு நிழலிலும் உடம்பு குளிர்ந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்து உள்ளே போய் வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்தார். "இதைக் கடிச்சுக் குடியுங்கோ. எழும்பாதேங்கோ" என்றார். புதிதாய் வேலைக்கு வந்த பொடியன்களுக்குச் செய்கிற வைத்தியமாம்.

நெஞ்சுக்குள் இழுக்காமலே இது எப்படி நடக்கிறது? வெர்ஜினியாவின் சீனி எரியும்போது புகை அமிலத்தன்மை கொள்கிறது. அந்தப் புகையில் நிக்கொட்டின் வாய்த்தோல் வழியே எளிதில் ஏறாது. சிகரெட்காரர் நெஞ்சுக்குள் இழுப்பது அதனால்தான். சீனி தீர்ந்த கரிய இலையின் புகை காரத்தன்மை உடையது. அது கன்னத்தின் உட்புறம் வழியாகவே இரத்தத்துக்குள் போய்விடும். சுருட்டுக்கும் இதே கணக்கு. 'நான் உள்ளுக்கு இழுக்கிறதில்லை' என்பது சுருட்டுக்காரரும் பைப்காரரும் வழக்கமாகச் சொல்கிற ஆறுதல். உதடு, வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்கு அந்த ஆறுதல் தெரியாது.

பனங்கட்டி கரையக் கரைய, காலையில் தோட்டக்காரர் கேட்டதற்கு விடை கிடைத்தது. ஆம், திரும்பப் போடுகிறார்கள். பூவை முறிப்பது இலையில் காரம் ஏறுவதற்கு. வேறொரு செடியின் பூவைப் போடுவது அந்தக் காரம் வாய்க்குத் தெரியாமல் இருப்பதற்கு. நான் பிடித்த இரண்டு ஏட்டிலும் பூ ஒன்றுதான். அது எதை மூடியிருந்தது என்பதுதான் வேறு. கோடாவும் செய்வது இதே வேலை. பன்னீருக்குப் பதில் பனங்கட்டி.

சட்டத்தின் மூக்கு

சட்டம் செய்கிறவர்களுக்கும் இது விளங்கியிருக்கிறது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குப் புகையிலை விற்பதையும், புகையிலை விளம்பரத்தையும், மூடிய பொது இடங்களில் புகைப்பதையும் தடுக்கிறது. மணமூட்டிய சிகரெட்டுகளுக்குத் தடை 2016இல் வந்தது. இங்கிலாந்தில் மெந்தோல் சிகரெட்டுகள் 2020 மே மாதத்தோடு கடைகளை விட்டுப் போயின. இளையவர்களைப் பழக்கத்துக்குள் இழுக்கிற வழி மணம்தான் என்பதே இந்தத் தடைகளின் அடிப்படை. பைப் புகையிலை அங்கே தப்பிவிட்டது. அதைப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், எண்ணிக்கையும் சொற்பம். கெண்டலின் இரண்டு பழைய கொவித் நிறுவனங்களும் 2015இல் ஒன்றாகிவிட்டன.

விடாமல் புகைப்பவர்களில் பாதிப்பேர் வரை புகையிலையாலேயே சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பூமணம் போட்டாலும் கோடாப் போட்டாலும் அந்தக் கணக்கு மாறாது. எனவே எனர்டேலை வாங்கிப் பாருங்கள் என்று யாருக்கும் சொல்லப் போவதில்லை. முகர்ந்து பார்க்கத் தகுந்த பேணி அது; அதற்கு மேல் கேட்பவர்களுக்கு என்னிடம் சிபாரிசு இல்லை.

கொட்டிலில் வேலை முடிகிற நேரம். சுற்றிய சுருட்டுகளைக் கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தலைமுறையோடு முடிந்துவிடும் என்று ஐயாவே சொல்கிறார். அவருடைய பிள்ளைகளில் ஒருவருக்கும் கோடாவின் கணக்குத் தெரியாது. அவர்கள் அதைக் கேட்கவும் இல்லையாம். அதில் அவருக்குப் பெரிய வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. பிள்ளைகள் புகைப்பதில்லை என்பதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

கிளம்புமுன் கேட்டேன்: "ஐயா, உங்கட கோடாவுக்குள்ள இந்தப் பன்னீரை ரெண்டு சொட்டு விட்டால் விக்குமோ?"

கட்டை நூலால் இறுக்கிக்கொண்டே யோசித்தார்.

"மணத்துக்கு ஒருக்கா வாங்குவினம், தம்பி. காரத்துக்குத்தான் திரும்பி வருவினம்."